ஜெர்மனியில் ட்ரோன்: காப்பீடு, பதிவு, சோதனையில் கேட்பவை – நால்வரின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதியின் மேலும் எழுதியவரின் புனைபெயரும் ஊரும்)

ஐசார்கரை, மூனிக்

வேலைக்காக இங்கே வரும் நம்மவர்கள் ட்ரோன் வாங்கியதும் முதலில் தேடுவது லைசென்ஸை. முதலில் தேட வேண்டியது காப்பீடு. ஜெர்மன் விமானப் போக்குவரத்துச் சட்டத்துக்கு ட்ரோனும் ஒரு வானூர்திதான். அதன் 43ஆம் பிரிவுப்படி வானூர்தி வைத்திருப்பவர் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட், எடுத்தே ஆக வேண்டும். எடையைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது. "என்னுடையது 249 கிராம் மினிதானே" என்ற பேச்சு பதிவு, தேர்வு விஷயங்களில் ஓரளவு எடுபடும். காப்பீட்டில் எடுபடாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு. உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும் ட்ரோனால் வந்த நட்டத்தை அதை வைத்திருப்பவர்தான் கொடுக்க வேண்டும். காற்று தள்ளியது, ஜிபிஎஸ் போய்விட்டது, பேட்டரி நடுவானில் நின்றுவிட்டது என்று எதைச் சொன்னாலும் பொறுப்பு உங்களுடையதே. 500 கிலோவுக்குக் குறைந்த வானூர்திக்கு இந்தப் பொறுப்பின் உச்சவரம்பை 37ஆம் பிரிவு 7,50,000 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று வைத்திருக்கிறது. யூரோவில் அது 9 லட்சத்தை ஒட்டி வரும். அதனால் 10 லட்சம் யூரோவுக்குக் குறைந்த பாலிசியைப் பார்க்கவே வேண்டாம். கவனக்குறைவு உங்களுடையதுதான் என்று நிரூபணமானால் அந்த உச்சவரம்பும் உங்களைக் காப்பாற்றாது. 30 லட்சம், 50 லட்சம் யூரோ என்று எடுப்பவர்கள் அதை நினைத்துத்தான் எடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு இருக்கும் ப்ரிவாட்ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட் எனும் தனிநபர் பொறுப்புக் காப்பீட்டு பாலிசியில் ட்ரோனும் அடங்குமா என்பதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. பாலிசியின் நிபந்தனைப் புத்தகத்தைத் திறந்து வானூர்தி பற்றிய பத்தியைத் தேடுங்கள். பழைய பாலிசிகளில் "காப்பீடு கட்டாயமில்லாத வானூர்திகளுக்கு மட்டும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பார்க்கச் சாதகமான வரி போலத் தோன்றும். ஆனால் ட்ரோனுக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால் அந்த ஒரே வரி உங்கள் ட்ரோனை வெளியே தள்ளிவிடுகிறது. புதிய பாலிசிகள் பலவற்றில் 250 கிராம் வரை என்றோ 5 கிலோ வரை என்றோ தெளிவாக எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் போதும், தனி பாலிசி தேவையில்லை.

எப்படியானாலும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு ஃபெர்சிஹெருங்ஸ்பெஷ்டேட்டிகுங் எனும் உறுதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்ததும் பார்க்க வேண்டியவை: உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, ட்ரோன் என்றோ ஆளில்லா வானூர்தி என்றோ வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, எடை வரம்பு என்ன, செல்லுபடியாகும் நாடுகள் எவை, தனிப்பட்ட பயன்பாடு மட்டுமா, தொழிலும் சேர்ந்ததா, உங்களைத் தவிர வேறொருவர் இயக்கினால் பாதுகாப்பு உண்டா. கடைசிக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையோ நண்பரோ ரிமோட்டைக் கையில் எடுக்கும் நொடியில்தான் அதற்கு வேலை வருகிறது. பறக்கவிடும்போது இந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும். போனில் பிடிஎஃப், பையில் ஒரு அச்சுப் பிரதி என்று இரண்டும் இருந்தால் நல்லது.

ட்ரோன் விற்கும் நிறுவனமே தரும் "கேர்" திட்டத்தைப் பொறுப்புக் காப்பீடு என்று நினைத்துவிட வேண்டாம். உடைந்த ட்ரோனுக்கு மாற்று ட்ரோன் தருவதோடு அதன் வேலை முடிந்தது. அடிபட்ட காருக்கோ ஆளுக்கோ அதிலிருந்து ஒரு சென்ட்கூட வராது.

ஷ்ப்ரே நதி, பெர்லின்

ஐசார்கரை காப்பீட்டை முதலில் வைத்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. எல்பிஏ எனும் விமானப் போக்குவரத்து அலுவலகத்தில் இயக்குநராக, அதாவது ட்ரோனுக்குப் பொறுப்பானவராக, பதிவு செய்யும்போதே காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கப்படும். பாலிசி இல்லாமல் படிவத்தைத் திறந்தால் பாதியில் நிற்க வேண்டியதுதான்.

பதிவு யாருக்குக் கட்டாயம்? ட்ரோன் 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும் கேமரா இருந்தால் கட்டாயம். ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்பு விதிப்படி விற்கப்படும் பொம்மைக்கு மட்டும் விலக்கு. ஆக மினி வகை கேமரா ட்ரோன் வைத்திருக்கும் அனைவரும் பதிவு செய்ய வேண்டியவர்களே. பதிவு ஆளுக்கு, ட்ரோனுக்கு அல்ல. மூன்று ட்ரோன் இருந்தாலும் பதிவில் கிடைக்கும் இயக்குநர் எண்ணான ஈ-ஐடி ஒன்றுதான்.

அந்த ஈ-ஐடி டி-இ-யூ என்று தொடங்கும் 16 எழுத்து-எண்கள், பிறகு ஒரு சிறுகோடு, பிறகு மூன்று ரகசிய எழுத்துகள் என்று வரும். ட்ரோனில் ஒட்டும் சிட்டையில் முதல் 16 மட்டும் போதும், கடைசி மூன்றை வெளியே காட்டக் கூடாது. ஆனால் ட்ரோன் பறக்கும்போது தன் அடையாளத்தை அறிவிக்கும் ரிமோட் ஐடிக்காகச் செயலியில் உள்ளிடும்போது சிறுகோடும் மூன்றும் சேர்த்து முழுதாகக் கொடுக்க வேண்டும். செயலி "தவறான எண்" என்று திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் இதுதான் காரணம்: சிட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்திருப்பார்கள். எல்பிஏ அனுப்பிய கடிதத்திலிருந்து அப்படியே ஒட்டுங்கள்.

எங்கே பதிவு செய்வது என்பதில் வெளிநாட்டவர்கள் நிறையவே குழம்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீங்கள் எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான், அதுவும் ஒரே ஒரு நாட்டில்தான். நெதர்லாந்தில் வேலை பார்த்துவிட்டு டுசல்டார்ஃபுக்கு மாறினால் அங்கே ரத்து செய்துவிட்டு இங்கே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், சிட்டையையும் மாற்ற வேண்டும். தேர்வுச் சான்றிதழுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு நாட்டில் வாங்கியது ஒன்றியம் முழுவதும் செல்லும். விடுமுறைக்கு வரும் சென்னைத் தம்பியோ கொழும்பு மச்சானோ தன் சொந்த ட்ரோனைக் கொண்டுவந்தால், ஐரோப்பாவில் முதலில் பறக்கவிடும் நாட்டில் அவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஈ-ஐடியை அதில் ஒட்டிச் சமாளிக்க நினைத்தால் இயக்குநர் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் வந்து விழும். இந்தியாவில் எடுத்த ரிமோட் பைலட் சான்றிதழை இங்கே ஏற்பதில்லை.

தேர்வு பற்றிச் சுருக்கமாக: ஏ1/ஏ3 எனும் அடிப்படைத் தேர்வுக்கு வயது 16 ஆகியிருக்க வேண்டும். இணையத்தில் வீட்டிலிருந்தே எழுதலாம், ஆங்கிலத்திலும் உண்டு. 40 கேள்விகள், 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, 5 ஆண்டு செல்லும். 250 கிராமுக்குக் கீழான ட்ரோனுக்கு இது கட்டாயமில்லை. இருந்தும் எழுதிவிடுங்கள். சோதனைக்கு வரும் அதிகாரியிடம் பேச்சு சீக்கிரம் முடியும்.

ரூர்வாசி, டோர்ட்மண்ட்

தம்பி சொன்ன பதிவு விசயம் எல்லாம் சரி. நான் எங்கட ஆக்களின்ர கலியாண வீடு, கோயில் திருவிழா பற்றிச் சொல்லுறன். அங்கதான் பிழை கூட நடக்குது.

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவை மேல இருந்து எடுக்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் திறந்த பிரிவில், அதாவது தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடுற பிரிவில், சனக்கூட்டத்துக்கு மேல பறக்கவே ஏலாது. 249 கிராமுக்கும் அதேதான். அடுத்த பிரச்சினை, தீர்த்தம் நடக்கிற டாட்டெல்ன்-ஹம் கால்வாய். அது மத்திய அரசின்ர நீர்வழி. அப்பிடியான நீர்வழி, நெடுஞ்சாலை, ரயில்பாதை எல்லாத்திலும் இருந்து பக்கவாட்டில 100 மீற்றர் தள்ளி நிக்கவேணும் எண்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குவிதியின்ர 21எச் பிரிவு சொல்லுது. கிட்டப் போகவேணும் எண்டால், பக்கவாட்டுத் தூரம் எப்பவும் ட்ரோன் நிக்கிற உயரத்தை விடக் கூடவா, குறைஞ்சது 10 மீற்றராவது இருக்கவேணும். 40 மீற்றர் உயரத்தில நிண்டால் கால்வாயில இருந்து 40 மீற்றருக்கு மேல தள்ளி நிண்டுதான் படம். கோயில் நிர்வாகம் ஓம் எண்டு சொன்னால் காணும் எண்டு நினைக்காதேங்கோ. அவை தங்கட காணியில நிண்டு ஏத்தி இறக்கத்தான் அனுமதி தரலாம்.

கலியாணத்துக்கு வாறன். மண்டபத்துக்கு வெளியில மாப்பிள்ளை பொம்பிளையை மட்டும் எடுக்கிறது சரி, அவையிட்டச் சொல்லிப்போட்டு எடுக்கலாம். வாசல்ல 200 பேர் நிக்கேக்க மேலால ஓடவிடக்கூடாது. அதை விட முக்கியம் காசு. 150 யூரோ கவரில வைச்சுத் தந்தாலும் அது தொழில்தான். தனிப்பட்ட பாவனைக்கு எண்டு எடுத்த காப்புறுதி அந்த நேரம் உதவாது. விளம்பர வருமானம் வாற யூடியூப் சனலையும் காப்புறுதிக்காரர் தொழில் எண்டு வாதிடலாம். அதனால முதலே எழுதிக் கேட்டு பதிலை வைச்சிருங்கோ.

விசாவில இருக்கிறவை இன்னொண்டையும் பார்க்கவேணும். வதிவிட அட்டையோட தாற பச்சைத் தாளில சுயதொழில் அனுமதி இல்லை எண்டு எழுதியிருக்கோ எண்டு வாசியுங்கோ. இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்திட்ட முதல்ல அனுமதி கேட்கவேணும், பிறகுதான் தொழில் பதிவு, பிறகுதான் தொழில் காப்புறுதி. இந்த வரிசை மாறினால் ட்ரோன் தண்டத்தை விடப் பெரிய தலையிடி விசாவில வரும்.

ஷ்ப்ரே நதி, பெர்லின்

ரூர்வாசி அண்ணா, அந்தப் பச்சைத் தாள் விஷயத்தை ப்ளூ கார்டு எனும் வேலை அனுமதியில் இருப்பவர்கள் நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. வேலை பார்க்கும் நிறுவனத்துக்காகவே பறக்கவிட்டால் கதை வேறு. அப்போது இயக்குநர் நிறுவனம்தான். ஈ-ஐடியும் அதன் பெயரில், காப்பீடும் அதன் பெயரில் இருக்க வேண்டும். சொந்த ட்ரோனைக் கொண்டுபோய் அலுவலகக் கூரையைப் படம்பிடித்துக் கொடுக்கும் உதவியை எழுத்தில் உத்தரவு இல்லாமல் செய்யாதீர்கள்.

பதேன்காரன், ஸ்டுட்கார்ட்

வீட்டு மனைகள் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. புகார் பிறக்கும் இடமே அதுதான்.

21எச் பிரிவுப்படி குடியிருப்பு மனைக்கு மேலே பறக்க அந்த மனையின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். 250 கிராம் வரையிலான ட்ரோனுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் படம், ஒலி, ரேடியோ சமிக்ஞை எதையும் பதிவு செய்ய முடியாத ட்ரோனுக்குத்தான் அது. கேமரா இருந்தாலே விலக்கு போயிற்று, ரெக்கார்டிங்கை அணைத்து வைத்திருந்தேன் என்று சொல்லியும் பயனில்லை. 100 மீட்டருக்கு மேலே போனால் யாரையும் கேட்க வேண்டாம் என்பதும் அரைகுறைத் தகவல். உயரத்தோடு நியாயமான நோக்கம், வேறு வழியில்லாமை, குடியிருப்பவரின் தனிமையைக் காக்கும் ஏற்பாடு என்று கூடவே பல நிபந்தனைகள் இருக்கின்றன. வார்த்தையால் வாங்கிய சம்மதம் செல்லும் என்றாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்தால் பிறகு மறுப்பு வராது.

மேலே சொன்ன தூரங்கள் எல்லாம் டீபுல் வரைபடத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம் அது. ட்ரோன் செயலியில் தெரியும் வரைபடத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். நிறுவனத்தின் செயலி விமான நிலையத்தைக் காட்டும், இயற்கைப் பாதுகாப்புப் பகுதியையோ ரயில்பாதையையோ காட்டாமல் விடும். செயலி பச்சை காட்டியது என்பதை எந்த அதிகாரியும் ஏற்பதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர், ஓடுபாதையின் நீட்சியில் இரு பக்கமும் 5 கிலோமீட்டர் வரை பறக்கவிட முடியாது. சிறிய விமானத் தளங்களுக்கு 1.5 கிலோமீட்டர். கிராமத்துப் புல்வெளியில் கிளைடர் ஏறி இறங்கும் இடமும் விமானத் தளம்தான் என்பதை மறக்க வேண்டாம். பெர்லினில் நாடாளுமன்றமான ரைஹ்ஸ்டாக் கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் ஆரத்துக்குத் தடைப்பகுதி. சுற்றுலா வருபவர்கள் நேராக அங்கேதான் பையைத் திறக்கிறார்கள்.

பழைய ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 1 ஜனவரி 2024 முதல் சி0, சி1 போன்ற வகுப்புக் குறி இல்லாத, 250 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள ட்ரோனுக்கு ஏ3 மட்டும்தான். அதாவது ஆட்கள் இல்லாத இடம், குடியிருப்பு, கடைவீதி, தொழிற்பேட்டை, பூங்கா எல்லாவற்றிலிருந்தும் 150 மீட்டர் தள்ளி. 907 கிராம் மேவிக் 2 ப்ரோ இந்தக் கணக்கில்தான் வருகிறது. அதை விடச் சற்றே இலேசான மேவிக் 3க்கு சி1 குறி கிடைத்ததால் ஊருக்குள் அதற்கு இடமுண்டு. இங்கே செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ட்ரோன்களில் பாதி இந்தக் காரணத்தால்தான் மலிவு. வாங்குமுன் உடலில் சி0, சி1 என்ற குறியைக் கண்ணால் பாருங்கள். துபாயிலோ அமெரிக்காவிலோ வாங்கிய அதே மாடலில் அந்தக் குறி இல்லாமல் இருக்கலாம்.

ஐசார்கரை, மூனிக்

சோதனையில் என்ன கேட்பார்கள் என்பதற்கு வருகிறேன். போலீஸோ ஓர்ட்னுங்ஸாம்ட் எனும் ஒழுங்கு அலுவலக ஆட்களோ வந்தால் பேசுவதற்கு முன் ட்ரோனை இறக்கிவிடுங்கள். பறந்துகொண்டிருக்கும்போது பேசினால் கண்பார்வையில் வைத்திருக்கவில்லை என்ற குறையும் சேரும். கேட்பது வழக்கமாக நான்கு: அடையாள ஆவணம், காப்பீட்டுக் கடிதம், தேர்வுச் சான்றிதழ், ட்ரோனில் ஒட்டிய ஈ-ஐடி. சில நேரம் பதிவான கடைசிப் படங்களைக் காட்டச் சொல்வார்கள்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். இனிஷியல் முறையால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவோ அப்பா பெயரோடோ இருக்கும். காப்பீட்டில் ஒரு வரிசை, எல்பிஏ பதிவில் வேறு வரிசை, வதிவிட அட்டையில் இன்னொன்று என்று மூன்றும் மூன்று விதமாக இருந்தால் ஒரே ஆள்தான் என்று விளக்கவே நேரம் போய்விடும். வதிவிட அட்டையில் அச்சிட்டபடியே மற்ற இரண்டிலும் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் திருத்தம் ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை.

விதிமீறலுக்கு அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். விமானத்தை ஆபத்துக்குள்ளாக்கினால் அது குற்றவியல் சட்டத்தின் 315ஆம் பிரிவு, 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை சிறை. வேலை விசாவில் இருப்பவர் இரண்டாவதன் பக்கமே போகக் கூடாது.

விபத்து நடந்தால்: முதலில் ஆளைக் கவனியுங்கள், காயம் என்றால் 112. பிறகு விழுந்த இடம், அடிபட்ட பொருள், ட்ரோன் கிடந்த நிலை எல்லாவற்றையும் கை வைக்கும் முன் படம் எடுங்கள். செயலியில் உள்ள பறப்புப் பதிவை உடனே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். போனை மாற்றியோ செயலியை அழித்தோ அதைத் தொலைப்பவர்கள் உண்டு, உயரமும் தூரமும் அதில்தான் இருக்கிறது. காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆம் பிரிவுப்படி ஒரு வாரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்று அங்கேயே 300 யூரோ கொடுத்துக் கைகுலுக்கிவிட்டு, பிறகு அவர் 2,000 யூரோவுக்குப் பணிமனை ரசீது நீட்டும்போது நிறுவனத்திடம் போனால் பேச்சு கடினமாகும். எவ்வளவு என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். நீங்கள் விதியை மீறிப் பறந்திருந்தாலும் கட்டாயக் காப்பீடு என்பதால் அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேர வழியுண்டு. ஆனால் அந்தத் தொகையை நிறுவனம் உங்களிடம் திரும்ப வசூலிக்கலாம்.

ரூர்வாசி, டோர்ட்மண்ட்

சுவிஸுக்குச் சொந்தக்காரர் வீட்ட போறவைக்கு: அங்க 1 ஜனவரி 2023 முதல் ஐரோப்பிய விதிதான், இங்கத்தைய ஈ-ஐடியும் சான்றிதழும் செல்லும். 250 கிராமில இருந்து குறைஞ்சது 10 லட்சம் பிராங்குக்குக் காப்புறுதி கட்டாயம். உங்கட பாலிசியில ஐரோப்பிய ஒன்றியம் எண்டு மட்டும் போட்டிருந்தால் சுவிஸ் அதுக்குள்ள வராது. ஐரோப்பா எண்டு இருக்கவேணும். லண்டனுக்குப் போறவை எல்லாத்தையும் புதுசாத் தொடங்கவேணும், இங்கத்தைய சான்றிதழ் அங்க செல்லாது. 2026 ஜனவரியில இருந்து 100 கிராமுக்கே பறக்கவிடுறவருக்கான ஃப்ளையர் ஐடி கேட்கினம், கமரா இருந்தால் ட்ரோனுக்குப் பொறுப்பானவருக்கான ஆபரேட்டர் ஐடியும்.

பதேன்காரன், ஸ்டுட்கார்ட்

ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு. இந்தியாவில் 9 பிப்ரவரி 2022 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. சொந்தப் பயன்பாட்டுப் பொருள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. உலகம் முழுவதும் செல்லும் என்று பாலிசியில் எழுதியிருப்பது இந்தத் தடையைத் தொடவே தொடாது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில், அறிவிக்க ஒன்றுமில்லை என்னும் பச்சை வழியில் நடந்து ஸ்கேனரில் சிக்கினால் பறிமுதல்.

எப்படியும் பையில் வந்துவிட்டது, வேறொரு நாட்டுக்குப் போகும் வழி இது என்றால் சிவப்பு வழிக்குப் போய் எழுத்தில் அறிவியுங்கள். சுங்கச் சட்டம் 1962இன் 80ஆம் பிரிவு, உண்மையாக அறிவிக்கப்பட்ட பொருளைப் பயணியின் வேண்டுகோளின் பேரில் பிடித்து வைத்து, நாட்டை விட்டுக் கிளம்பும்போது திருப்பித் தர அதிகாரிக்கு இடமளிக்கிறது. கட்டாயமாகத் தர வேண்டும் என்றில்லை, கேட்க வேண்டும். ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்பும் விமானம் அதே விமான நிலையத்திலிருந்தாக இருப்பது நல்லது. திருச்சியில் ஒப்படைத்துவிட்டுச் சென்னையில் விமானம் ஏறினால் ட்ரோன் திருச்சியிலேயே இருக்கும். பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில், முனைகளை மூடி வையுங்கள். 100 வாட்-ஹவர் வரை விமான நிறுவனத்திடம் முன்னனுமதி தேவையில்லை. மேவிக் 3 பேட்டரி 77தான், மினி வகையின் சாதாரண பேட்டரி இருபதுக்கும் கீழே.